மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வாசிக்க வருகிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

காட்பாடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று வாசிக்கிறாள், ஆனால் கடைப் பலகையில் இருக்கும் ஒரு சின்ன வார்த்தையைக் காட்டிக் கேட்டால் முழிக்கிறாள். ரிப்போர்ட் கார்டில் மிஸ் 'ரீடிங் வீக்' என்று எழுதி அனுப்பிவிட்டார். பிள்ளைக்கு உண்மையில் என்ன வரவில்லை, அதை வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது, டியூஷன் வைக்கலாமா, வீட்டில் இனிமேல் இங்கிலீஷிலேயே பேசலாமா என்பது அவர் கேள்வி.

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் பல வருடம் பாடம் நடத்தி, அப்புறம் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவன் நான். இந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவத்தில் மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

'ரீடிங் வீக்' என்ற அந்த இரண்டு வார்த்தையை முதலில் ஓரமாக வையுங்கள். காய்ச்சல் என்று மட்டும் எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி அது. எதனால் காய்ச்சல் என்று அதில் இல்லை. உங்கள் மகளுக்கு எழுத்தைப் பார்த்து ஒலியாக்கத் தெரியாமல் இருக்கலாம், அல்லது ஒலியாக்கத் தெரிந்து அர்த்தம் தெரியாமல் இருக்கலாம், அல்லது இரண்டும் ஓரளவு தெரிந்தும் அவள் உச்சரிப்பை மிஸ் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நம் ஊரில் பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே டியூஷனில் சேர்த்துவிடுகிறோம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பாப்பா வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறாள். இதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம், இது நம் பிள்ளைகளில் மிகச் சாதாரணம். ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்கு ஒரு பாடத்தை முழுவதும் வாசித்துக் காட்டினான். விரலை வைத்து வாசி கண்ணு என்றேன். வாய் 'ட்ரீ' என்று சொல்லும்போது விரல் அதற்கு இரண்டு வார்த்தை முன்னால் நின்றுகொண்டிருந்தது. வரி முடிந்ததும் விரல் அவசரமாக ஓடி அடுத்த வரியைப் பிடித்தது. பிறகு அதே பாடத்திலிருந்து 'மேங்கோ' என்ற வார்த்தையை மட்டும் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவன் சிலேட்டை ஒரே ஒரு தரம்தான் பார்த்தான். கூரையைப் பார்த்துக்கொண்டு பாடத்தை முதல் வரியிலிருந்து உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தான். அந்த வார்த்தை வந்த இடத்தில் நிறுத்தி, 'மேங்கோ சார்' என்றான். சிலேட்டில் இருந்தது 'எம்' என்ற எழுத்தில் தொடங்குகிறது, பாடத்தில் 'எம்'மில் தொடங்குவது இது ஒன்றுதான், ஆக இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அவ்வளவு மூளையைச் செலவழித்தவனை வீக் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு எழுத்தின் ஒலியை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

இது ஏன் இப்படி ஆகிறது என்றால், தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. 'ம' என்றால் ம, 'மா' என்றால் மா. 247 எழுத்து என்று பயமுறுத்தினாலும், ஒரு முறை பிடிபட்டுவிட்டால் பிள்ளை எதையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடும். இங்கிலீஷில் எழுத்து 26தான், ஆனால் அந்த 26ஐ வைத்துக்கொண்டு 44 ஒலி போல எழுதியாக வேண்டும். போதாததற்கு எழுத்தின் பெயர் ஒன்று, அது போடும் சத்தம் வேறு. 'சி, ஏ, டி' என்று ஆயிரம் தரம் சொன்னாலும் அதிலிருந்து 'கேட்' என்ற சத்தம் தானாகப் பிறக்காது, 'சியேட்டி' என்றுதான் வரும். நம் வகுப்புகளில் நடப்பது என்னவென்றால், ஸ்பெல்லிங்கை ராகம் போட்டு எல்லோரும் சேர்ந்து கத்துவது, பாடத்தை டீச்சர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது. காது நல்ல காதாக இருந்தால் பத்து நாளில் பாடம் மனப்பாடம். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

கஃப், டன்மர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1986ல் ஒரு எளிமையான சூத்திரம் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தை ஒலியாக்கும் திறனையும், காதால் கேட்டால் அந்த மொழி புரியும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். இங்கிலாந்தில் ஒரு ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது பாதி வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது, பள்ளி முதல் பாதியைப் பார்த்துக்கொண்டால் போதும். நம் பிள்ளைக்கு இரண்டுமே பள்ளியில்தான் கிடைக்க வேண்டும். அதனால் இந்த இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்காத எந்தப் பரீட்சையும் நம் பிள்ளையைப் பற்றி உபயோகமாக எதையும் சொல்லாது. நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இதுதான்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம். சோதனைக்கு முன்னால் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளையை மக்கு என்று இரண்டு வருடம் திட்டிய கதை எனக்கே உண்டு, இன்றுவரை உறுத்துகிறது. நீங்கள் காட்பாடியில் இருக்கிறீர்கள், ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை பக்கம்தான்.

அப்புறம் நேரம். ஸ்கூல் விட்டு வந்து, பசியும் தூக்கமுமாக இருக்கும்போது வேண்டாம். வேலூர் வெயிலில் மத்தியானமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட பிறகு, வேறு யாரும் இல்லாத அறை. முக்கியமாக அண்ணனோ அக்காவோ பக்கத்தில் நின்று 'ஐயய்யே, இது கூடத் தெரியலையா' என்று சொல்லாத அறை. டெஸ்ட் என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். 'அம்மாவுக்கு இதையெல்லாம் கொஞ்சம் வாசிச்சுக் காட்டு' என்றால் போதும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

முதலில் இங்கிலீஷ் சின்ன எழுத்துகளை (ஸ்மால் லெட்டர்) வரிசை மாற்றி ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். பெரிய எழுத்து (கேபிடல் லெட்டர்) வேண்டாம், புத்தகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு சின்ன எழுத்துதான் வருகிறது. ஒவ்வொன்றையும் காட்டி 'இது பேர் என்ன' என்று கேட்காமல் 'இது என்ன சத்தம் போடும்' என்று கேளுங்கள். பேர் மட்டும் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், தப்பு என்று சொல்லாதீர்கள். பி (b), டி (d) இரண்டையும் மாற்றிச் சொன்னால் உடனே பதற வேண்டாம். ஏழெட்டு வயதுவரை பல பிள்ளைகள் அப்படிச் செய்வார்கள், அதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ஒரு எழுத்தில் நின்றுவிட்டால் மூன்று எண்ணிவிட்டு அடுத்ததைக் காட்டுங்கள். முதல் பத்து எழுத்தில் ஒன்றுக்குக்கூடச் சத்தம் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், மேலே போய் அவளை அழ வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. பல நாடுகளில் சிறு வகுப்புகளுக்கு நடத்தும் 'இக்ரா' என்ற வாசிப்புச் சோதனையிலும் இப்படி ஒரு நிறுத்தும் விதி இருக்கிறது.

அடுத்தது மூன்றெழுத்து வார்த்தைகள். ஆனால் கேட், பேட், டாக் எல்லாம் எல்.கே.ஜி.யிலிருந்தே பார்த்துப் பார்த்து முகம் பழகிப்போனவை. அதனால் அர்த்தமே இல்லாத வார்த்தைகள் நாலைந்து கலந்து எழுதுங்கள். எம், ஐ, பி சேர்த்து 'மிப்'. எல், இ, எம் சேர்த்து 'லெம்'. இப்படி நீங்களே உண்டாக்கலாம். 'இது ஒரு பூதத்தோட பேர், என்ன பேருன்னு கண்டுபிடி' என்று சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே முயற்சி செய்வார்கள். மனப்பாடம் செய்திருக்கவே முடியாத வார்த்தை என்பதால், இதை வாசித்துவிட்டால் எழுத்தை ஒலியாக்கும் வித்தை அவளுக்குக் கைவந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். 'கேட்' சரியாக வருகிறது, 'மிப்' சுத்தமாக வரவில்லை என்றால், அவள் வார்த்தையின் உருவத்தைத்தான் படம் மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறாள்.

இங்கே ஒரு இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும், ஏனென்றால் அதிகம் அநியாயம் நடப்பது இங்கேதான். பன்றிக்கு இங்கிலீஷில் 'பிக்'. பெரியது என்பதற்கும் 'பிக்'. பாருங்கள், தமிழில் எழுதும்போதே இரண்டும் ஒன்றாகிவிட்டது. தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்து 'பல்'லில் ஒரு மாதிரியும் 'தம்பி'யில் வேறு மாதிரியும் ஒலிக்கும், எங்கே எப்படி ஒலிக்கும் என்பதை இடமே முடிவு செய்துவிடும், அதனால் நம் பிள்ளையின் காது இரண்டையும் பிரித்துக் கேட்கத் தேவை இருந்ததில்லை. க, ட, த எல்லாமே இப்படித்தான். அப்புறம் 'புக்'கை 'புக்கு' என்பது, 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்பது, 'எக்' என்பதை 'யெக்' என்பது, 'ஃபேன்' என்பதை 'பேன்' என்பது. இதெல்லாம் வாசிப்புத் தப்பு இல்லை. தமிழ் பேசும் வாய் இங்கிலீஷைச் சொல்லும் விதம். 'புக்கு' என்று சொன்ன பிள்ளை அந்த எழுத்துகளைச் சரியாகப் பார்த்து, சரியாகக் கூட்டி, சரியான வார்த்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு மார்க் குறைப்பது ஓடி முடித்தவனுக்குச் செருப்பு சரியில்லை என்று பரிசு மறுப்பதற்குச் சமம்.

ஆனால் சந்தேகம் வந்தால் சோதித்துவிடலாம். ஒரு பன்றி படம், பக்கத்தில் ஒரு பெரிய பந்தும் சின்னப் பந்தும் வரைந்து, இரண்டு வார்த்தையையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்து, எது எதற்கு என்று வைக்கச் சொல்லுங்கள். சரியாக வைத்தால் கண்ணும் மூளையும் பிரித்துப் பார்க்கின்றன, வாய் மட்டும்தான் ஒன்றாகச் சொல்கிறது. மாற்றி வைத்தால் அப்போது அதைக் கற்றுத்தர வேண்டும். ஒரு பத்தியை வாசிக்கும்போது கடைசி 'எஸ்'ஸை விழுங்குவதும் அப்படித்தான். 'ஷி கோஸ்' என்று இருந்ததை 'ஷி கோ' என்று வாசித்தால் அது பெரும்பாலும் இலக்கணம் இன்னும் படியாததால் வருவது.

இனி பத்தி. பாடப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். அடுத்த வருடப் புத்தகத்திலிருந்தும் வேண்டாம். நீங்களே எழுதுங்கள், அறுபது வார்த்தை போதும். உங்கள் இங்கிலீஷ் மேல் நம்பிக்கை இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் காலேஜ் பிள்ளையிடம் கேட்டு வாங்குங்கள். விஷயம் அவளுக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். பனிமனிதன், பியானோ, ஸ்லெட்ஜ் என்று ஒரு பத்தியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குப் புரியவில்லை என்பது எந்த ஊர் நியாயம்? நான் ரொம்ப நாள் உபயோகித்த பத்தி ஒன்றில், ஒரு பெண் பாட்டியோடு சந்தைக்குப் போவாள், பாட்டி இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்குவாள், பெண்ணுக்கு விரலில் முள் குத்திவிடும், பாட்டி பையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்வாள். இலவம்பாடி என்ற பெயர் வந்ததும் அணைக்கட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இங்கிலீஷ் எழுத்தில் நம்ம ஊர் பேர் இருக்கிறதே என்று.

அவள் வாசிக்கும்போது அதே பத்தியின் இன்னொரு நகல் உங்கள் மடியில் இருக்கட்டும். தப்பாக வாசித்த வார்த்தைக்குக் கோடு போட்டு, என்ன என்று வாசித்தாள் என்பதை அதன் மேல் தமிழிலேயே எழுதுங்கள். விட்ட வார்த்தையைச் சுழியுங்கள். முதலில் தப்பாகச் சொல்லிவிட்டுத் தானே திருத்திக்கொண்டால் அது தப்பு இல்லை, சொல்லப்போனால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம், அர்த்தத்தைக் கவனித்துக்கொண்டே வாசிக்கிறாள் என்று பொருள். நியூசிலாந்தில் மேரி கிளே என்ற அம்மையார் வகுத்த முறை இது, உலகம் முழுக்கச் சிறு வகுப்பு ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு: நூற்றுக்கு 95ம் அதற்கு மேலும் சரியாக வாசித்தால் அந்தப் பத்தி அவளுக்குச் சுலபம், 90லிருந்து 94வரை என்றால் ஆள் பக்கத்தில் இருந்து கற்றுத்தரச் சரியான இடம், 90க்குக் கீழே போனால் கஷ்டம், அதைவிட எளிதானதைக் கொடுக்க வேண்டும். அறுபது வார்த்தையில் மூன்று தப்பு என்றால் 95. ஆறு தப்பு என்றால் 90. நடுவில் புகுந்து திருத்தாதீர்கள், இது தாய்மார்களுக்கு ரொம்பக் கஷ்டம் என்று தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

எண்ணிக்கையைவிட அந்தக் கோடுகளைப் பார்ப்பதுதான் முக்கியம். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகிக்கிறாளா? 'ஹவுஸ்' இருந்த இடத்தில் 'ஹார்ஸ்' என்கிறாளா? நடு உயிரெழுத்தில்தான் எல்லாத் தப்பும் விழுகிறதா? இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே சத்தம் போடும் இடத்தில், 'ஷிப்', 'செயின்' மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் தனியாகச் சொல்கிறாளா? மூன்று பத்தியில் ஒரே மாதிரித் தப்பு வந்தால், நாளைக்கு உட்கார்ந்து எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. எந்த மார்க் ஷீட்டிலும் அது கிடைக்காது.

வேகம் பற்றியும் கேட்பீர்கள். மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் 2021ல் வந்தது, அதில் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 வார்த்தை, புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் மூன்றாம் வகுப்பு முடிவில் 112 என்று ஒரு அமெரிக்க அட்டவணை வரும். அது அங்கே படிக்கும் பிள்ளைகளின் நடு அளவு, பெரும்பாலோருக்கு வீட்டு மொழியே இங்கிலீஷ். அதை நம் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து அழ வேண்டாம். வேகத்தை நான் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் பார்ப்பேன்: ஒவ்வொரு வார்த்தைக்கும் அரை நிமிடம் திணறினால், வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும், அப்புறம் அர்த்தம் எங்கிருந்து வரும்.

இப்போது அர்த்தத்துக்கு வருவோம். பள்ளியில் பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்வி கேட்கிறார்கள், பிள்ளை சரியாக எழுதிவிடுகிறது, ஆக புரிந்துவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். இதைப் படித்துப் பாருங்கள்: 'கிண்டான் காலையில் பொசலையை மிருக்கினான்.' யார் மிருக்கினான்? கிண்டான். எதை மிருக்கினான்? பொசலையை. எப்போது? காலையில். மூன்றுக்கு மூன்று மார்க் வாங்கிவிட்டீர்கள். என்ன நடந்தது என்று சொல்லுங்கள் பார்ப்போம். நம் பிள்ளைகள் வருடக்கணக்கில் இங்கிலீஷ் பாடத்தில் பொசலையை மிருக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், மார்க்கும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதனால் கேள்வியைத் தமிழில் கேளுங்கள், பதிலும் தமிழில் வரட்டும். இது சலுகை இல்லை. இங்கிலீஷில் பதில் சொல்லச் சொன்னால் நீங்கள் பேச்சைச் சோதிக்கிறீர்கள், வாசிப்பை இல்லை. புரிந்தும் சொல்லத் தெரியாமல் நிற்கும் பிள்ளையும், புரியாமல் நிற்கும் பிள்ளையும் ஒரே மாதிரிதான் மௌனமாக நிற்கும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005லிருந்து கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய் நடத்தும் அசர் கணக்கெடுப்பில் இங்கிலீஷைச் சோதித்த வருடங்களில்கூட, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, வார்த்தை, வாக்கியம் என்று வாசிக்க வைத்துவிட்டு, அர்த்தத்தைப் பிள்ளையின் சொந்த மொழியில்தான் கேட்டார்கள்.

சொந்த மொழி என்றால் நம் பக்கத்தில் தமிழ் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேரணாம்பட்டில் ஒரு சிறுமி, நாலாம் வகுப்பு. கத்தரிக்காய்ப் பத்தியை அழகாக வாசித்தாள். தமிழில் கேட்டேன், தரையைப் பார்த்தாள். கூட இருந்த ஆசிரியை, வீட்டில் உருது பேசும் பிள்ளை சார் என்று சொல்லி, அதையே உருதில் கேட்டார். அவ்வளவுதான், கையை நீட்டி, எந்த விரலில் முள் குத்தியிருக்கும் என்பதுவரை அபிநயத்தோடு சொல்லிவிட்டாள். பத்தியில் எந்த விரல் என்றே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடியில் உருது, குடியாத்தம் காட்பாடி ஆந்திர எல்லைப் பக்கம் தெலுங்கு. இவர்களுக்கு இங்கிலீஷ் இரண்டாம் மொழிகூட இல்லை, மூன்றாவது. அந்த ஆசிரியை அன்று இல்லாமல் இருந்திருந்தால் என் தாளில் 'புரியவில்லை' என்று எழுதியிருப்பேன்.

கேள்விகளில் ஒன்றிரண்டு பத்தியில் நேரடியாக இல்லாததாக இருக்கட்டும். 'பாட்டி ஏன் பையை வாங்கிக்கிட்டாங்க?' பத்தியில் அதற்கு விடை எழுதியிருக்காது. 'அதுக்கு முள்ளு குத்திச்சி இல்ல, அதான் பாட்டியே எத்துக்கினு வந்தாங்க' என்று பிள்ளை நம்ம ஊர்த் தமிழில் சொன்னால், அது இங்கிலீஷ் வாசிப்பில் முழு மார்க்.

புரியவில்லை என்று தெரிந்தால் இன்னொரு சின்ன வேலை இருக்கிறது. வேறொரு சிறு பத்தியை நீங்களே நிதானமாக வாசித்துக் காட்டி, அர்த்தம் கேளுங்கள். நீங்கள் வாசித்தால் புரிகிறது, அவள் வாசித்தால் புரியவில்லை என்றால் குறை எழுத்தில். அவள் நன்றாக வாசிக்கிறாள், ஆனால் யார் வாசித்தாலும் புரியவில்லை என்றால் குறை வார்த்தைகளில், அதாவது மொழி இன்னும் உள்ளே போகவில்லை. அந்தப் பிள்ளைக்கு எழுத்தின் சத்தத்தைச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் வகுப்பு வைத்தால் காசுதான் போகும். அதற்குக் கதை வேண்டும், படம் வேண்டும், தினம் நாலு புது வார்த்தையை அர்த்தத்தோடு தமிழில் பேச வேண்டும்.

கடைசியாகத் தமிழ். இதைத்தான் யாரும் செய்வதில்லை. அவளுக்குத் தெரியாத ஒரு சின்னத் தமிழ்க் கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால், 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள், எதில் இருக்கிறாள் என்று டீச்சரிடமே கேட்டுவிடலாம். தமிழ் சரளமாக வருகிறது, இங்கிலீஷ் மட்டும் வரவில்லை என்றால் பயப்பட ஒன்றுமே இல்லை, அது பழக்கக் குறைவு. வாசிப்பது என்றால் என்ன என்று ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால், அந்த அறிவு அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக் கல்வி ஆராய்ச்சியாளர் 1979லேயே எழுதினார், நானும் வகுப்பறையில் அதைத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு மொழியிலும் திணறுகிறாள், ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தும் எழுத்து நிற்கவில்லை, நேற்று வாசித்த வார்த்தை இன்று புதிதாகத் தெரிகிறது, ஆனால் பேச்சிலும் புத்தியிலும் ஒரு குறையும் இல்லை என்றால் அப்போது நிபுணரிடம் காட்டுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குக் கூப்பிடு தூரம். கற்றல் குறைபாடு 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மாற்றுத்திறன்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, சான்று இருந்தால் பரீட்சையில் சலுகை உண்டு. ஆனால் தமிழைப் பார்க்காமல் இங்கிலீஷை மட்டும் வைத்து 'டிஸ்லெக்சியாவோ', அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடோ, என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மற்ற இரண்டு கேள்விக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். டியூஷன்: இந்தச் சோதனை முடியும்வரை வேண்டாம். அப்புறமும் வைத்தால், 'இவளுக்கு எழுத்தின் சத்தம் வரவில்லை, அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்டு வையுங்கள், வீட்டுப்பாடம் முடித்துத் தரும் டியூஷனால் ஒப்பிப்பதுதான் வளரும். வீட்டில் இங்கிலீஷ் பேசுவது: தயவுசெய்து தமிழிலேயே பேசுங்கள். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் 'கம், சிட், ஈட்' என்று பத்து வார்த்தைக்குள் வீடு சுருங்கிவிடும். தமிழில் நீங்கள் அவளோடு பேசுகிற நூறு விஷயம்தான் நாளைக்கு இங்கிலீஷ் வார்த்தை வந்து உட்காரும் இடம்.

இந்த ஞாயிறு இரண்டு பத்தியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே அளவு, ஒரே மாதிரி எளிமை. ஒன்றை இப்போது வாசிக்கச் சொல்லுங்கள், இன்னொன்றை அவள் கண்ணில் படாமல் பீரோவில் வையுங்கள். கோடு போட்ட தாளில் தேதி எழுதி, அதையும் கூடவே வையுங்கள். தினம் கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்து ஆறு வாரம் கழித்து இரண்டாவதை எடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது இரண்டு தாளையும் கையில் கொண்டுபோய், மிஸ்ஸிடம் மரியாதையாகக் காட்டி, 'இவளுக்கு இது இது வருகிறது, இந்த இடத்தில் இடிக்கிறது, வகுப்பில் நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்களா?' என்று கேளுங்கள். நாற்பது பிள்ளையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்க வைத்துக் கேட்க அவருக்கு நேரமே கிடைத்திருக்காது. நான் அறிந்தவரை, அந்தத் தாளைப் பார்த்த எந்த ஆசிரியரும் முகம் சுளித்ததில்லை.